மலையகத்தின் செவிவழிச் சரித்திரம்

இலங்கையின் மலையகத்திலே, ஹட்டனிலிருந்து தலவாக்கலையையும் நானுஓயாவையும் கடந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் மலைப்பாதையின் இருமருங்கிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களுக்குள் கடிகாரம் என்னும் பொருள் வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, பொழுது புலர்ந்துவிட்டதென்றும் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு நேரமாகிவிட்டதென்றும் ஜனங்களை எழுப்பிவந்தது தப்பு என்னும் தோற்கருவியாகும். முன்னே நிற்கும் ஆளின் முகம் தெரியாத மூடுபனியினூடே அந்த ஒலி கிளம்பியதும், ரொட்டியைத் தட்டி வைத்துவிட்டு, சாயத்தண்ணியில் ஒரு வாய் குடித்துவிட்டு, இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் பெண்கள் பெரட்டுக்களத்துக்கு விரைந்தனர். ஏனெனில் களத்தில் பேர் பதியாமற் போனால் அன்றைய சம்பளம் இல்லை, குறித்த அளவு கொழுந்து நிறுவையில் சேராவிட்டால் அரைநாள் சம்பளமாகிய அரைப்பேர்தான் என்பது அந்த வாழ்க்கையின் சட்டமாயிருந்தது. பிற்காலத்தில் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

ஆயினும், அதிகாலையில் தோட்டத் துரையின் கட்டளையாக ஒலித்த அதே தப்பு, மாரியம்மன் திருவிழாவிலே கரகம் எடுப்பவரின் காலுக்கு வேகம் கொடுத்தது; கல்யாண வீட்டிலே மாப்பிள்ளை அழைப்புக்கு முன்சென்றது; மாசி மாதத்து இரவுகளிலே மன்மதனையும் ரதியையும் ஆடவைத்தது; கடைசியில், ஆயுள் முழுவதும் தன் குரலுக்கு எழுந்து மலையேறிய மனிதனைத் தோட்டத்து இடுகாடுவரை கொண்டுபோய் விட்டும் வந்தது. தோட்டத்தின் மேற்பிரிவாகிய மேற்கணக்கிலே தப்பு அடிக்கப்பட்டால், கீழ்க்கணக்கிலே கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் கிழவி நிமிர்ந்து பாராமலே, அடியின் கதியைக்கொண்டே அது சாமிக்கா, சாவுக்கா என்று சொல்லிவிடுவாள். வட்டமான மரச்சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய ஒரு தோல். ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சி, மறு கையில் மெல்லிய நீண்ட குச்சி. இவ்வளவுதான் அந்த வாத்தியம். ஈரக்காற்றிலே தோல் தளர்ந்து குரல் மங்கிவிடும் என்பதால், ஆறாயிரம் அடி உயரத்துக்கு மேல் இருக்கும் நுவரெலியா போன்ற இடங்களில் அதனை அடிக்கடி நெருப்பிலே காய்ச்சி விறைப்பேற்ற வேண்டியிருக்கிறது. இந்த எளிய கருவியின் அடி ஒவ்வொன்றும் ஒரு சமூகத்தின் துக்கத்தோடும் சந்தோஷத்தோடும் எவ்வாறு பிணைந்துபோயிற்று, அந்தப் பிணைப்பு எவ்வாறு எழுதப்படாத ஒரு சரித்திரமாக நிலைபெற்றது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

தொல்காப்பியர், ஒரு நிலத்துக்கு உரிய கருப்பொருள்களை வகுக்கும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்று உரையாசிரியர்கள் விளக்கினர். மண்ணிலே மரம் முளைப்பதுபோல இசையும் அந்தந்த மண்ணிலே முளைப்பதென்பது அக்காலத்துத் தமிழரின் துணிபு. ஆனால் இலங்கை மலையகத்தின் கதையோ இந்த இலக்கணத்துக்குள் முழுவதும் அடங்காதது. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய வறண்ட சீமைகளிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இருபதுகள் முதல் கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலைக்காகவும் கண்டிச்சீமைக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ஜனங்களுக்கு, மலையின் பறை இன்னதென்று சொல்லிக்கொடுக்க அங்கே எவரும் இல்லை. காடாகக் கிடந்த மலைக்குத் தங்கள் சமவெளிப் பறையை அவர்களே கொண்டுவந்து, அதற்கு ஒரு புதிய வாழ்வைக் கொடுத்தார்கள்.

அவர்கள் வந்த வழி எத்தகையது என்பதை நினைத்துப் பார்த்தாலன்றி, அவர்கள் பாட்டின் அருமை நமக்கு விளங்காது. தலைமன்னாருக்கு இருப்புப்பாதை 1914இல் போடப்படுவதற்கு முன், தோணியிலே மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், கங்காணியின் பின்னே, வன்னிக் காடுகளின் வழியாக, காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழிநெடுகப் பலிகொடுத்துக்கொண்டே மாத்தளை வரை கால்நடையாக வந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மனின் சந்நிதி அந்தப் பிரயாணத்தின் முடிவிலே அவர்கள் கண்ட ஆறுதல் என்பது மரபு. தலைச்சுமையாக எதைக் கொண்டுவர இயலும்? நிலத்தைக் கொண்டுவர முடியாது. கோயிலைக் கொண்டுவர முடியாது. ஏட்டைக் கொண்டுவந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர் சிலரே. பாட்டையோ எவரும் பறிக்கமுடியாது. எந்த ஆயத்துறையிலும் அதற்கு வரி கேட்கமுடியாது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கோலாட்டம், தெம்மாங்கு என்று ஊரிலே பழகியவற்றையெல்லாம் மனத்திலே வைத்துக்கொண்டு வந்து, இங்கே லயம், கங்காணி, கணக்கப்பிள்ளை, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி, அட்டைக்கடி என்று புதிதாகக் கண்டவற்றையெல்லாம் பழைய மெட்டுக்குள்ளேயே அமர்த்திக்கொண்டார்கள். வழிபாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. தொழிற்சாலையின் ரோதைச் சக்கரத்துக்கு ஒரு ரோதைமுனியையும், கவ்வாத்து வெட்டுக்கு ஒரு கவ்வாத்துச்சாமியையும் படைத்துக்கொண்ட ஜனங்கள், அந்தத் தெய்வங்களை வருந்தி அழைக்க ஊரிலிருந்து வந்த உடுக்கையையும் தப்பையுமே நம்பினார்கள்.

இசைக்கும் நினைவுக்கும் உள்ள உறவைப்பற்றி அண்மைக் காலத்து விஞ்ஞானிகள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவிலே கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜனாட்டா என்பவர், இளைஞர்களுக்கு அவர்களுடைய பிள்ளைப்பிராயத்திலும் வாலிபத் தொடக்கத்திலும் வழங்கிய பாட்டுக்களைக் கேட்கச் செய்து, அவ்வேளையில் அவர்களுடைய மூளையைப் படமெடுத்துப் பார்த்து, 2009இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சொந்த வாழ்க்கையின் ஒரு சம்பவத்தை எந்தப் பாட்டு எழுப்புகிறதோ, அந்தப் பாட்டின்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி விசேஷமாக விழித்தெழுகிறது என்பது அவர் கண்ட உண்மை. மனிதனுடைய ஞாபகங்களிலே ஏறத்தாழப் பத்து வயது முதல் முப்பது வயதுக்குள் நிகழ்ந்தவையே பிற்காலத்தில் மிகச் செறிவாகத் திரும்பி வருகின்றன என்பதும் உளநூலார் பலமுறை நிறுவிய செய்தி. மலையகத்துப் பெண்ணொருத்தியின் அந்த வயதுகளை எண்ணிப் பாருங்கள்: கொழுந்துக்கூடை தோளில் ஏறியதும், கல்யாணமானதும், முதற்பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடியதும், பெற்றவர்களுக்கு ஒப்பாரி வைத்ததும் பெரும்பாலும் அந்த வயதெல்லைக்குள்ளேதான். அவ்வயதிலே அவள் காதில் விழுந்த மெட்டு ஒன்று எழுபதாம் வயதில் மீண்டும் கேட்கும்போது, நடுவிலே கழிந்த காலம் அவளைப் பொறுத்தவரை இல்லாமலே போய்விடுகிறது.

தாலாட்டைப்பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லவேண்டும். தாய் மலையில் நிற்க, பிள்ளை பகலெல்லாம் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தது. ஆகையால் தாலாட்டு இந்த மலைகளிலே பெரும்பாலும் இரவுக்குரியதாயிற்று. நேரிலே பாடப்படும் தாலாட்டு குறைமாதக் குழந்தைகளின் நாடித்துடிப்பைக்கூட அமைதிப்படுத்துகிறதென்று நியூயார்க் நகரத்து ஆய்வாளர்கள் 2013இல் அறிவித்தார்கள். ஆனால் அந்தப் பாட்டு பாடுகிறவளுக்குச் செய்யும் உபகாரம் சிறிதன்று. பகலிலே எவரிடமும் சொல்லமுடியாத நிறுவை அநியாயத்தையும், கங்காணியின் ஏச்சையும், கடனையும், புருஷனின் குடியையும், ஊரில் விட்டுவந்த தாய்மாமனின் பெருமையையும், அர்த்தம் அறியாத அந்தச் சிறு செவியிலே அவள் அச்சமின்றிக் கொட்டிவிடலாம். மலையகத் தாலாட்டுக்களிலே அழுகையின் சாயல் இவ்வளவு படிந்திருப்பதற்குக் காரணம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

தனிமனிதரின் நினைவை விட்டுச் சமூகத்தின் நினைவுக்கு வந்தால், காமன் கூத்தைப்போல அதனைக் காட்டக்கூடியது வேறொன்றில்லை. பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகிய கூத்துக்களும் தோட்டங்களிலே சிறப்பாக நடைபெற்றவையே. எனினும், தோட்டம் முழுவதையும் ஒரே மேடையாக்கிக்கொள்ளும் பெருமை காமனுக்கே உரியது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை காணும் நாளில், காமன் பொட்டல் என்று வழங்கும் வெளியிலே கம்பம் ஊன்றுவார்கள். காப்புக் கட்டியவர்கள் அன்றுமுதல் விரதம் இருப்பார்கள். பகலெல்லாம் தேயிலை மலையிலே கவ்வாத்து வெட்டியும் முள்ளுக் குத்தியும் களைத்த ஆண்கள், இரவானதும் ஒத்திகையிலே கூடி, பாட்டுக்களை வாத்தியாரின் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுப் பாடம் செய்வார்கள். மதனாக வேஷம் கட்டியவரின் மகன் மதனாகவும், ரதியாக ஆடியவரின் மருமகன் ரதியாகவும் வருவது பல தோட்டங்களிலே வழக்கமாயிருந்தது. பௌர்ணமியை ஒட்டிய இறுதி இரவிலே, சிவபெருமானின் தவத்தைக் கலைக்கத் தேவர்களால் ஏவப்பட்ட மன்மதன், ‘போகவேண்டாம்’ என்று தடுக்கும் ரதியின் சொல்லை மீறிப் புறப்பட்டுச் சென்று, நெற்றிக்கண்ணின் நெருப்பில் வெந்து சாம்பலாவான். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். காமன் எரியப்போகிறான் என்பதை அறியாத சிறுபிள்ளைகூட அந்தக் கூட்டத்தில் இராது. ஆயினும், ஒவ்வோர் ஆண்டும், ரதி புலம்பத் தொடங்கும் அந்த இடத்திலே, பொட்டலைச் சுற்றிக் கம்பளி போர்த்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள்.

தெரிந்த கதைக்கு ஏன் அழுகை வருகிறது? கனடாவிலே மொன்றியல் நகரத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சடோரே முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதற்குப் பாதி விடை தருகிறது. உள்ளத்தை உருக்கும் ஓர் இசையைக் கேட்கும்போது, இன்பத்தோடு சம்பந்தப்பட்ட டோபமின் என்னும் ரசாயனம் மூளையிலே சுரக்கிறது. அது இசையின் உச்சகட்டத்திலே மாத்திரமின்றி, அந்த உச்சகட்டம் இதோ வரப்போகிறது என்று மனம் காத்திருக்கும் கணத்திலேயே சுரக்கத் தொடங்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே தெரிந்திருப்பது உணர்ச்சிக்குத் தடையாவதில்லை. காத்திருப்பதற்கு ஓர் இலக்கைக் கொடுத்து அதனை வளர்க்கவே செய்கிறது. மீதிப் பாதி விடையைச் சொல்ல விஞ்ஞானம் வேண்டியதில்லை. மேலிடத்து ஏவலுக்குக் கட்டுப்பட்டு வேலைக்குப் புறப்பட்டு, பலம் படைத்த ஒருவரின் கோபத்திலே அழிந்துபோன புருஷனுக்காக ஒரு பெண் நியாயம் கேட்டு நிற்கும் காட்சி, எந்தப் பெண்களின் கண்முன் நடைபெறுகிறது என்பதை எண்ணினாலே போதும். ரதியின் கண்ணுக்கு மாத்திரம் தெரியும்படி மன்மதன் உயிர்பெறுகிறான் என்பது புராணம் தரும் ஆறுதல். அந்த ஆறுதலையும் தப்பின் அடியே அறிவிக்கிறது. பல நாட்கள் நூற்றுக்கணக்கானவர் ஒரே தாளத்துக்கு நடந்து, ஒரே இடத்திலே அழுது, ஒரே இடத்திலே மகிழ்ந்தபின், மேற்கணக்கும் கீழ்க்கணக்கும் ஒன்றென்ற உணர்ச்சி தானாகவே உண்டாகிவிடுகிறது. தொழிற்சங்கம் என்ற சொல் மலைக்கு வருவதற்கு முன்னமே அந்த ஒற்றுமையைப் பழக்கிவைத்த பள்ளிக்கூடம் காமன் பொட்டல் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த ஒற்றுமையை அரசியலுக்குத் திருப்பியவர்களுள் ஒரு பெண்மணியின் நாமம் இன்னும் உரக்கச் சொல்லப்படவேண்டியதாய் இருக்கிறது. தஞ்சையிலிருந்து இலங்கை வந்து, துணி வியாபாரியைப்போல் வேஷம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறிந்த கோ. நடேசய்யர், 1931இல் ஹட்டனை மையமாகக்கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென முதற் சங்கத்தை அமைத்தார் என்பதைச் சரித்திரம் கூறுகிறது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் அந்தச் சங்கத்தின் குரலாகவே விளங்கினார். எழுத்து வாசனை அறியாத கூட்டத்துக்கு நீண்ட பிரசங்கத்தைவிட ஒரு பாட்டு விரைவிலே மனத்தில் தைக்கும் என்று உணர்ந்த அவர், ஜனங்களுக்குப் பழக்கமான மெட்டுக்களிலே தொழிலாளரின் குறைகளை அமைத்துத் தாமே பாடினார். இலங்கை அரசாங்கம் இந்தியத் தொழிலாளரை வேலையிலிருந்து விலக்கத் தொடங்கிய காலத்தை ஒட்டி, 1940இல், அவருடைய பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு நூலாக வெளிவந்தன. தோட்டம் தனியார் நிலம், அயலார் கால்வைப்பது குற்றம் என்றிருந்த அந்த நாளிலே, பேச்சாளரை வாசலில் தடுத்து நிறுத்தலாம்; கூட்டத்திலே கேட்ட மெட்டைத் தொழிலாளி தன் வாயிலே முணுமுணுத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்புவதை எந்தத் துரையால் தடுக்கமுடியும்?

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த 1948இலேயே மலையக ஜனங்களின் பிரஜாவுரிமை பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், நாடற்றவர்களாய் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தது. பத்தாண்டுகள் கழித்து அவர்களையும் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தாய்க்கு ஒரு நாட்டின் கடவுச்சீட்டும் மகளுக்கு மற்றொரு நாட்டின் உரிமைச்சீட்டும் கிடைத்த குடும்பங்கள் பல. மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்கு அந்த ஜனங்களை ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்பதாகும். மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுப்புக்கும் அதனையே தலைப்பாக்கினார்.

ஒப்பாரி என்பது இறந்தவருக்கு உரியது. உயிரோடு வண்டியில் ஏறுகிறவர்களைப் பார்த்து, மேடையிலே நின்றவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு சாவு வீட்டிலே பாடுவதையே பாடி அழுதார்கள் என்றால், அந்தப் பிரிவை அவர்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கினைக் கூறுகிறார்: பிறரால் இகழப்படும் இளிவு, உற்றாரையும் உடைமையையும் இழக்கும் இழவு, முன்னிருந்த நிலையிலிருந்து தாழும் அசைவு, வறுமை. இந்த நான்கும் ஒருசேரக் கூடி நின்ற இடங்களைத் தமிழ்ச் சரித்திரத்திலே தேடினால், ஹட்டன், நானுஓயா புகைவண்டி மேடைகளை முதலிலே குறிப்பிடவேண்டியிருக்கும். பாட்டனை ஏற்றிவந்த அதே தண்டவாளத்திலே பேரன் திருப்பி அனுப்பப்பட்டான். அவன் பார்த்தறியாத நாட்டுக்கு அவனுடைய தாயகம் என்று பெயர் சூட்டினார்கள். ராமேசுவரத்திலே கப்பல் இறங்கியவர்களுள் பலர் நீலகிரியிலே கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களிலே, தமிழ்நாட்டு அரசு தாயகம் திரும்பியோருக்கென 1968 முதல் உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களிலே மறுபடியும் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

இப்படிப் பிரிந்துபோனவர்களை இணைத்துவைத்த ஒன்று இருந்ததென்றால் அது இலங்கை வானொலிதான். 1925 டிசம்பரிலே கொழும்பில் ஆரம்பமான அந்த நிலையம், 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கியபின், அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தியிருந்த அக்காலத்திலே, தென்னிந்தியா முழுவதற்கும் பாட்டுக் களஞ்சியமாயிற்று. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்களைத் தமிழ்நாட்டுக் கிராமத்தார் தங்கள் வீட்டு மனிதரின் குரலாகவே அறிந்திருந்தார்கள். மின்சாரம் எட்டிப்பாராத லயங்களுக்குள் பேட்டரியில் பேசும் டிரான்சிஸ்டர் பெட்டி நுழைந்தபோது, ‘பொங்கும் பூம்புனல்’ என்னும் பாட்டு நிகழ்ச்சி காலைப்பொழுதின் அடையாளமாயிற்று. கண்டிப் பிரதேசத்திலே 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர். திரையிலே வாயசைத்த பாட்டுக்களைத் தங்கள் மண்ணின் மைந்தனுடைய வாக்காகவே மலையக ஜனங்கள் ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் நான் சொல்லவந்த விசேஷம் வேறு. கோத்தகிரியிலே குடியேறிய மகளும், ஹட்டனிலே தங்கிவிட்ட தாயும், கடிதம் எழுதத் தெரியாவிட்டாலும், ஒரே காலைப்பொழுதிலே ஒரே நிலையத்திலிருந்து ஒரே பாட்டைக் கேட்க முடிந்தது. கேட்கும்போது ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்ளவும் முடிந்தது. அரசாங்கங்கள் கிழித்த கோட்டை அலைவரிசை பொருட்படுத்தவில்லை.

திரையிசை நாட்டார் இசையை அழித்துவிட்டதென்று வருந்துவோர் உளர்; அவ்வருத்தத்திலே பாதி நியாயமே உண்டென்பது என் அபிப்பிராயம். கும்மியும் கோலாட்டமும் ஒலிபெருக்கியின் முன் ஒடுங்கிப்போனது மெய். எனினும், மீனாட்சி அம்மையார் பழகிய மெட்டிலே புதிய சேதியை வைத்ததுபோலவே, ஜனங்களும் சினிமா மெட்டைத் தங்கள் கோயில் பஜனைக்கும் தேர்தல் பாட்டுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் இழுத்துக்கொண்டார்கள். பாட்டு எங்கிருந்து வந்தது என்பதைவிட, எந்த வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டது என்பதே நினைவுக்கு முக்கியம்.

இதனை உறுதிப்படுத்தக் கடல்கடந்த ஒரு திருஷ்டாந்தம் உண்டு. பிரான்சுக்கு உட்பட்ட குவாதலூப், மர்த்தினிக் தீவுகளுக்கும், கயானாவுக்கும் திரினிடாட்டுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற தமிழரின் சந்ததியார், பேச்சுத் தமிழைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். ஆயினும் மாரியம்மன், காளி வழிபாட்டிலே அவர்கள் முழக்கும் கருவிக்கு இன்றும் தப்பு என்றே பெயர். சொல் போனபின்னும் அடி நிற்கிறது. பொருள் தெரியாத மந்திரத்துக்கும் பொருள் தெரிந்த தாளத்துக்கும் நடுவிலே அந்தச் சமூகம் தன் பூர்வத்தை நினைவு வைத்திருக்கிறது. மலையகத் தமிழர் அத்தகைய கதிக்கு ஆளாகாமல் மொழி, தாளம் இரண்டையுமே காத்துக்கொண்டார்கள் என்பது சாமானியமான சாதனை அன்று.

இருந்தபோதிலும், மனம் கசக்கும் ஓர் உண்மையை மறைத்துவிட்டு இவ்விஷயத்தைப் பேசுவது முறையாகாது. தப்படிப்பது ஒரு சாதியாரின் கடமை என்று ஊரிலே விதித்துவைத்த கட்டுப்பாடு கடலைத் தாண்டியும் கரையவில்லை. தோட்டத்துச் சாவுக்கெல்லாம் தப்படிக்க அழைக்கப்பட்டவர்கள், தோட்டத்துப் பந்தியிலே சமமாக அமர அழைக்கப்படாத காலம் இருந்தது. படித்து மேல்வந்த பிள்ளைகள் தகப்பனின் தப்பைத் தொட மறுத்தார்களென்றால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. தோலும் மரமும் ஒரு பாவமும் அறியா, அவற்றின்மேல் சாதியைக் கட்டிவைத்தவர்களே வெட்கப்பட வேண்டியவர்கள். இதற்குப் பரிகாரம் தப்பைப் பரணிலே போடுவதன்று. எல்லாச் சாதிப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணுமாக, பள்ளிக்கூடத்திலே வீணையையும் மிருதங்கத்தையும் கற்பதுபோலத் தப்பையும் முறையாகக் கற்கும் நிலை வரவேண்டும்.

இந்தச் செல்வத்தைச் சேகரித்து வைக்க முயன்றவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். மடக்கொம்பரைத் தோட்டத்திலே 1914இல் பிறந்து, ஆங்கிலத்திலே கவிதை எழுதிப் புகழ்பெற்று, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தம் அந்திமக் காலத்திலே வெளிக்கொணர்ந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் தொகுதி, லயங்களிலே வாய்மொழியாக வழங்கியவற்றை அச்சிலே ஏற்றிய அரிய முயற்சி. பாராளுமன்றத்திலே தம் ஜனங்களுக்காக வாதாடிய ஒருவர், அவர்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் அதே அக்கறையோடு எழுதிவைத்தார் என்பதைத் தமிழ்நாட்டு வாசகரும் அறிந்திருக்கவேண்டும். பின்வந்த சாரல்நாடன் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ என்ற நூலால் அந்தப் பணியைத் தொடர்ந்தார். ஆனால் அச்சிலே ஏறுவது சொல் மாத்திரமே. மெட்டும், இழுப்பும், அழுகை இடறும் இடமும், நடுவிலே விழும் தப்படியும் அச்சிலே ஏறுவதில்லை.

மலையகத்தார் வந்து இருநூறாண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, 2023 ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரிலே புறப்பட்ட ஒரு நடைபவனி, முன்னோர் நடந்த அதே திசையிலே நடந்து, ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையை அடைந்தது. அத்தகைய நினைவுகூரல் போற்றத்தக்கதே. எனினும், கால்நடையாய் வந்தவர்களின் பேத்திமார் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அவர்களுடைய குரலைப் பதிந்து வைப்பது அதனினும் அவசரமான காரியம். இளைஞர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போய்விடுகிறார்கள். கூத்து வாத்தியார்களின் இடம் பல தோட்டங்களிலே வெறுமையாகிவிட்டது. ஒரு கிழவி கண்மூடும்போது, அவளுக்கு மாத்திரமே தெரிந்த பாட்டுக்களும் எரிந்துபோகின்றன.

ஆகையால் மலையகத்திலே வாழும் ஆசிரியர்களையும் மாணவர்களையும், நீலகிரியிலே குடியேறிய குடும்பத்தாரையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். இன்று கைபேசி இல்லாத வீடு அரிது; அதிலே ஒலிப்பதிவு செய்ய எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உங்கள் வீட்டு முதியவள் பாடும்போது பதிவுசெய்யுங்கள். வெறும் பாட்டோடு நிறுத்தாமல், எந்தத் தோட்டம், எந்தக் கணக்கு, எந்தச் சமயத்திலே பாடுவது, யாரிடம் கற்றது, யாரை நினைத்து அழுதது என்பவற்றையும் அவள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். தப்படிப்பவரிடம், ஒவ்வோர் அடியையும் தனித்தனியே அடித்து, அதன் பெயரையும் சொல்லக் கேளுங்கள். பதிவின் ஒரு பிரதியை, இலங்கைத் தமிழரின் ஆவணங்களை 2005 முதல் இணையத்திலே சேர்த்துவரும் நூலக நிறுவனத்துக்கோ, அருகிலுள்ள பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்கோ அனுப்பிவையுங்கள். அடுத்த மாசி பிறப்பதற்குள், ஒரு தோட்டத்துக்கு ஒரு குரலாவது பதிவாகட்டும்.